மூன்றாவது தாள்

அவர் எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகக் காற்றாடியை நிறுத்தச் சொல்வார். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டிய வரிசை வீடு. மலேசியாவில் எங்கள் குலாய் ஊர் வெயிலில் காற்றாடி இல்லாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அவருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. "காத்தாடிய கொஞ்சம் நிறுத்துங்க தம்பி, காது வேல செய்யட்டும்" என்பார். நிறுத்துவோம். அவர் நெற்றியில் வியர்வை இறங்கிக் கண்ணுக்குள் போகும், துடைக்க மாட்டார். துடைத்தால் துணி உரசுகிற சத்தம் கேட்குமாம்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் குடியிருப்புத் தாமானில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். பெயரைப் போட்டால் நான் யார் என்றும் தெரிந்துவிடும். என் வண்டவாளம் எனக்கும் என் மனைவிக்கும் அவருக்கும் தெரிந்தால் போதும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அவர்மேல் பொறாமை. அன்றைக்கும் பொறாமை, இன்றைக்கும் பொறாமை. அன்றைக்கு எதற்கு என்று தெரியாமல் பொறாமைப்பட்டேன், இப்போது தெரிந்து படுகிறேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்போது எங்கள் வரிசையில் நான்காவது வீடு அவருடையது. ஐம்பத்தைந்து வயதிருக்கும். கல்யாணம் செய்துகொள்ளாத ஆள். வேலை என்ன தெரியுமா? காதுப் பரிசோதனை. செம்பனை எண்ணெய் ஆலைகளில் இயந்திர இரைச்சலுக்கு நடுவில் வேலை செய்கிறவர்களின் காதை வருடா வருடம் சோதிக்க வேண்டும். அதற்கென்று ஒரு வேன். அதை எடுத்துக்கொண்டு பாலோ, பெக்கோக் என்று ஊர் ஊராக, ஆலை ஆலையாகப் போவார். வேனுக்குள் சத்தம் புகாத சின்ன அறை. தொழிலாளி அதற்குள் உட்கார்ந்து ஹெட்போன் மாட்டிக்கொள்வார். கையில் ஒரு பட்டன். இவர் வெளியே இருந்து சன்னமான சத்தங்களை ஒவ்வொன்றாக அனுப்புவார். கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும்.

"அதுல என்னா திருட்டு நடக்கும் தெரியுமா?" என்று ஒருநாள் எங்கள் வீட்டு வாசலில் நின்று சொன்னார். "காது போச்சுன்னு தெரிஞ்சா வேற எடத்துக்கு மாத்திருவாங்க, ஓவர்டைம் போயிரும்னு பயம். அதனால என் கையப் பாத்து அமுக்குவானுங்க. சரின்னு கைய மேசைக்குக் கீழ வெச்சேன். தோள் ஆடறதப் பாத்து அமுக்கறானுங்க லா! இப்பல்லாம் முதுகக் காட்டித்தான் உக்காந்துக்கிறது."

"அப்புறம்?" என்றாள் என் மனைவி வசந்தி.

"அப்புறம் என்னா தங்கச்சி, பாவம், பாக்கறதுக்கு ஒண்ணும் இல்லாம கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. அப்பத்தான் நெஜமா கேக்க ஆரம்பிப்பாங்க."

வசந்தி சிரித்தாள். நானும் சிரித்தேன். இந்தக் கதையை அப்போதே காதில் வாங்கியிருந்தால் பிறகு அவ்வளவு அசிங்கப்பட்டிருக்க மாட்டேன்.

அவருக்கு ஒரு வாய்ப்பழக்கம் உண்டு. எதைக் கேட்டாலும் "இன்னொரு தடவ கேப்போம்" என்பார். யாராவது புகழ்ந்தாலும் அதுதான், வைதாலும் அதுதான். ஒருமுறை தெருவோர ஒட்டுக்கடையில் நாங்கள் தே தாரே தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, கொஞ்சம் ஏற்றிக்கொண்டு வந்திருந்த ஒருவன் அவரைப் பார்த்து, "காத நோண்டிப் பொழைக்கிறவனுக்கெல்லாம் பெரிய மனுசன் பவுசு" என்றான். எனக்கே சுருக்கென்றது. இவர் நாற்காலியை அவன் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, "இன்னொரு தடவ சொல்லுங்க, சரியாக் கேக்கல" என்றார். கிண்டலே இல்லை. உண்மையாகவே கேட்பதற்குத் தயாராக உட்கார்ந்திருந்தார். அவன் இரண்டாவது தடவை பாதி சொன்னான். மூன்றாவது தடவை, "ஒண்ணுமில்லண்ணே, நீங்க தண்ணி குடிங்க" என்று எழுந்து போய்விட்டான்.

"ஒரு தடவ கேட்டதுக்கெல்லாம் கோவப்பட முடியுமா தம்பி?" என்றார் என்னிடம்.

இனி என் கதைக்கு வருகிறேன். அப்போதே நான் பதினெட்டு வருடமாக நெட்வொர்க் வேலை பார்த்தவன். முதலில் சிங்கப்பூரில், தினமும் பாலம் தாண்டி மோட்டார் சைக்கிளில் போய்வந்தேன். பிறகு செடெனாக் பக்கம் ஒரு டேட்டா செண்டர். அடுக்கடுக்காக இயந்திரங்கள், அவற்றைக் குளிரவைக்க ஆயிரம் விசிறிகள், ஓயாத இரைச்சல். காதுக்கு மாட்ட அடைப்பான் கொடுப்பார்கள். நான் மாட்டியதில்லை. நிமிடத்துக்கு ஒரு போன் வரும், யார் அதைக் கழற்றிக் கழற்றி மாட்டுவது?

வசந்தி பல் மருத்துவ நிலையம் ஒன்றில் வரவேற்பில் இருக்கிறாள். பாடுவாள். நம் ஊரில் இப்போது தெருவுக்கு நான்கு பாடகர்கள் இருக்கிறார்களே, அப்படி. குரல் இல்லாத வெறும் இசையை ஓடவிட்டு அதன்மேல் பாடுவது. கல்யாணம், பிறந்தநாள், கோயில் திருவிழா என்று கூப்பிட்டால் போவாள். அந்த இசைக் கோப்புகளைச் சொல்லிவைத்துத்தான் வாங்க வேண்டும், இணையத்தில் கிடைக்காது. போனில் வைத்திருந்தால் தொலைந்துபோகும் என்று எல்லாவற்றையும் மாடி அறையில் ஒரு ஹார்ட் டிஸ்க் பெட்டியில் நான்தான் சேர்த்துவைத்தேன். கீழே ஹாலில் இரண்டு ஸ்பீக்கர். பெட்டியில் இருக்கிற பாட்டு வீட்டு நெட்வொர்க் வழியாகக் கீழே இறங்கி வர வேண்டும்.

முதலில் வைஃபையில்தான் வந்தது. நடுவில் நடுவில் நின்றது. சரணத்தின் உச்சியில் இசை சட்டென்று நின்றுவிடும், இவள் மட்டும் தனியாகக் கத்திக்கொண்டிருப்பாள். வரிசை வீட்டில் எல்லார் வீட்டு வைஃபையும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும், அதுதான் காரணம். கான்கிரீட் சுவரைக் குடைந்து கம்பி இழுக்க எனக்கு மனமில்லை. வீட்டு மின்சாரக் கம்பி வழியாகவே தகவலை அனுப்பும் சின்னப் பெட்டிகள் இரண்டு வாங்கினேன். மாடியில் ஒரு ப்ளக்கில் ஒன்று, ஹாலில் ஒரு ப்ளக்கில் ஒன்று. பாட்டு நிற்கவே இல்லை. எனக்கு ஒரே பெருமை.

"இப்ப டிக் டிக்னு ஒரு சத்தம் வருதுங்க" என்றாள் வசந்தி.

"எங்க?"

"பாட்டுக்குள்ளதான். ஊசி குத்தற மாதிரி. தாளம் தப்புது எனக்கு."

உட்கார்ந்து கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. மடிக்கணினியைத் திறந்து பார்த்தேன், எல்லாம் சரி என்று பச்சையாகக் காட்டியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். அவளும் பக்கத்தில்தான் இருந்தாள். "இப்ப வரல" என்று ஒப்புக்கொண்டாள். மறுநாள் மாலை, "மறுபடி வருது" என்றாள்.

"அதெல்லாம் மனப்பிரமை வசந்தி. நெட்வொர்க் என் தொழிலு. எனக்குத் தெரியாதா?"

அந்த வருடம் ஜொகூர் பாருவில் நடக்கவிருந்த ஒரு பாட்டுப் போட்டிக்கு அவள் பெயர் கொடுத்திருந்தாள். முதல் தடவை. நாற்பத்தைந்து வயதில் மேடையில் போட்டிக்கு நிற்பது என்றால் சும்மாவா? இந்த டிக் டிக்கில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. நான் கேட்கவில்லை என்று சொல்லச் சொல்ல, தன் தலைக்குள்தான் ஏதோ கோளாறு என்று பயந்துபோனாள். அதற்குப் பிறகுதான் அவள் என்னைக் கேட்காமல் போய் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

எப்படி இருந்திருக்கும் எனக்கு? ஒரு நெட்வொர்க் ஆளின் வீட்டுக்கு, நெட்வொர்க் பார்க்க, செம்பனை ஆலையில் காது பார்க்கிறவர் வருகிறார்!

காற்றாடியை நிறுத்தினோம். ஏழு மணி. வசந்தி சாமி மேடையில் விளக்கேற்றிவிட்டு வந்து பாட்டை ஓடவிட்டாள். அவர் தரையில் சம்மணம் போட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். எதையும் தொடவில்லை, ஒரு கேள்வி கேட்கவில்லை. நானாக இருந்தால் இதற்குள் நான்கு கம்பியைப் பிடுங்கியிருப்பேன்.

திடீரென்று அவர் நிமிர்ந்து வசந்தியைப் பார்த்தார். அதே நொடியில் வசந்தியும் அவரைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அப்படியே. இருவர் கண்ணும் சேர்ந்து எழும்பும், சந்திக்கும், இறங்கும். அவள் முகத்தில் ஒரு சிரிப்புக்கூட வந்தது. எனக்கோ பாட்டைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. இரண்டு பேர் என் ஹாலில் உட்கார்ந்து என் கண்ணெதிரே எதையோ பேசிக்கொள்கிறார்கள், எனக்குப் புரியவில்லை. வயிறு எரிந்தது என்று சும்மா சொல்வார்களே, உண்மையாகவே எரிந்தது எனக்கு. அவள் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள், அவர் தங்கச்சி என்றுதான் சொல்வார். அதனால் என்ன? பொறாமைக்கு முறை தெரியுமா?

"கேட்டுச்சா அண்ணே?" என்றாள்.

"கேட்டுச்சு தங்கச்சி. சுத்தமாக் கேட்டுச்சு." அவர் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு தம்பி?"

"கேட்டுச்சு, கேட்டுச்சு" என்றேன். வேறு என்ன சொல்வது? வசந்தி என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "இத்தன நாளா இல்லன்னீங்க?"

"இன்னொரு தடவ கேப்போம்" என்றார் அவர். ஆளுக்கு இரண்டு தாள் கேட்டார், மூன்று பென்சில் கேட்டார். சாப்பாட்டு மேசைமேல் போனை வைத்து அதில் நொடிகள் ஓடும்படி செய்தார். "பாட்டு ஆரம்பிக்கறப்ப இதுவும் ஆரம்பிக்கும். டிக்னு கேட்டா, அது எத்தனாவது செகண்டுன்னு எழுதிக்குங்க. யாரும் பேச வேணாம். ரெண்டு தடவ ஓட்டுவோம், தடவைக்கு ஒரு தாள். ரெண்டு தடவையும் ஒரே எடத்துல வந்துச்சுன்னா கோளாறு பாட்டுக்குள்ளயே இருக்கு. எடம் மாறி மாறி வந்துச்சுன்னா அது வர்ற வழியில இருக்கு."

நல்ல யோசனைதான். எனக்கு வராத யோசனை. அதுவும் எரிச்சலாக இருந்தது.

பாட்டு ஓடியது. நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒன்றும் இல்லை. எதிரே இரண்டு பென்சில்களும் ஒரே நேரத்தில் தாளில் இறங்கின. அலமாக், இப்போது என்ன செய்வது? நானும் ஒரு எண்ணை எழுதினேன். மறுபடி அவர்கள் பென்சில் அசைந்தது, நானும் எழுதினேன். எழுத வந்துவிட்டேன், உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: பாட்டு முடிகிற வரைக்கும் நான் எதையும் கேட்கவில்லை, அவர்கள் பென்சில்களைத்தான் பார்த்தேன். இரண்டாவது தடவையும் அதே கதைதான்.

அவர் ஆறு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். என் தாள்களைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"எடம் மாறியிருக்கு" என்றார். "பாட்டுல கோளாறு இல்ல. வர்ற வழியிலதான். தங்கச்சி, பொதுவா இது எப்ப வருது?"

"வேலையிலேருந்து வந்து, குளிச்சி, விளக்கேத்திட்டுத்தானே பாட உக்காருவேன். எப்பவும் அந்த நேரந்தான்."

அவர் தலையைத் திருப்பிச் சாமி மேடையைப் பார்த்தார். எண்ணெய் விளக்கு ஒரு பக்கம் எரிந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றி முருகன் படத்துக்கு மாலை போட்டதுபோல் சிவப்பும் பச்சையுமாகச் சின்ன விளக்குச் சரம் மின்னி மின்னி அணைந்தது. போன தீபாவளிக்குப் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கி நான்தான் தொங்கவிட்டேன். வசந்தி எண்ணெய் விளக்கை ஏற்றியதும் அதன் சுவிட்சையும் போடுவாள். அதன் ப்ளக் இருந்த அதே நீட்டிப்புக் கம்பியில்தான், பக்கத்துத் துவாரத்தில், பாட்டைக் கொண்டுவரும் என் சின்னப் பெட்டியும் செருகியிருந்தது. ஹாலில் அதுதான் கைக்கு எட்டிய ப்ளக்.

"அந்தக் கலர் லைட்ட மட்டும் கொஞ்சம் அணைக்கலாமா தங்கச்சி? எண்ணெ விளக்கு இருக்கட்டும்."

வசந்தி தயங்கினாள். விளக்கு வைத்த நேரத்தில் சாமிக்குப் போட்ட வெளிச்சத்தை யார் அணைப்பார்கள்? அதனால்தான் இத்தனை நாளாக எங்கள் இருவருக்கும் அதைத் தொட்டுப் பார்க்கத் தோன்றவே இல்லை.

"நா தொட மாட்டேன். நீங்களே அணைங்க" என்றார். வசந்தி கும்பிட்டுவிட்டு அணைத்தாள்.

மூன்றாவது தடவை பாட்டு ஓடியது. புதிதாக மூன்று தாள். இந்தத் தடவை இரண்டு பென்சில்களும் அசையவே இல்லை. நான் காத்திருந்தேன். பல்லவி போனது, சரணம் போனது, அசையவில்லை. வசந்தியின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்துகொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. நான் வாங்கித் தொங்கவிட்ட விளக்கு, நான் செருகிய பெட்டி, பதினெட்டு வருட அனுபவம். எல்லாம் தப்பு, காது பார்க்கிறவர் சொன்னது சரி என்று ஆகிவிடுமே? தலையைக் குனிந்துகொண்டு என் தாளில் ஐந்து எண்களை எழுதினேன். வேண்டுமென்றே, என் இஷ்டத்துக்கு.

முடிந்ததும் அவர் தாள்களைக் கேட்டு வாங்கினார். அவருடையது வெறுமை. வசந்தியுடையது வெறுமை. என்னுடையதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபமோ கேலியோ இல்லை. என் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"மூணு பேருக்கும் ஒண்ணும் கேக்கல தங்கச்சி. அந்த லைட்டோட அடாப்டர்தான் கரண்டுல குப்பையக் கொட்டுது. வேற ப்ளக்குக்கு மாத்துங்க, இல்ல லைட்ட மாத்துங்க. முடிஞ்சது."

தன் வைத்தியம் பலிக்கவில்லை என்ற சாட்சியத்தை மறைக்கிறார், கெட்டிக்காரர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த ஐந்து எண்களும் நானே இட்டுக்கட்டியவை என்று தெரிந்தும் அப்படி நினைக்க முடிந்தது என்னால்.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. வசந்தி சந்தோஷத்தில் ஒருமுறை பாடிப் பார்த்துவிட்டு, பால் இல்லாத தே ஓ கலக்கிக்கொண்டு வந்தாள். அவர் ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொன்னார்: "நீங்க பல்லவி எடுக்கறதுக்கு முன்னாடி மூச்சு இழுக்கறீங்களே தங்கச்சி, சன்னமா ஒரு விசில் மாதிரி வருது. நல்லா இருக்கு அது. இந்த டிக் டிக் அதையும் கெடுத்துக்கிட்டு இருந்திருக்கும்."

வசந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஐயோ, அதக் கேட்டீங்களா! சின்ன வயசுல எனக்கு இழுப்பு இருந்துச்சுண்ணே. அது விட்டுட்டுப் போன சத்தம். யாருமே சொன்னதில்ல."

இருபத்திரண்டு வருடம் அவள் பக்கத்தில் படுத்து எழுந்தவன் நான். என்ன விசில்? என்ன மூச்சு? இவர் என்ன, என் பெண்டாட்டி மூச்சு விடுவதையெல்லாம் கவனித்துக்கொண்டிருக்கிறார்? அவர் போன பிறகு அவளிடம் கேட்கவும் வெட்கமாக இருந்தது. கேட்டால் எனக்குத் தெரியாது என்று ஒத்துக்கொண்டதாகிவிடும்.

பிறகு அவர் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் மாலையில் வர ஆரம்பித்தார். வசந்திதான் கூப்பிட்டாள். காற்றாடி நிற்கும். அவள் பாடுவாள். அவர் "இன்னொரு தடவ கேப்போம்" என்பார். அவள் இன்னொரு தடவை பாடுவாள். அவர் சங்கீதம் படித்தவர் இல்லை. "அந்த எடத்துல மூச்சு பத்தல", "இங்க அவசரப்படறீங்க", இவ்வளவுதான் சொல்வார். அது போதுமாக இருந்தது அவளுக்கு. நானும் கூடவே உட்கார்ந்து, "சூப்பர்" என்பேன். நான் எப்போதும் சூப்பர் என்றுதான் சொல்வேன் என்று அவளுக்குத் தெரியும். அதனால் அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒருநாள், அவர் கையில் கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலத்தோடு வந்தார். வசந்தி குளித்துக்கொண்டிருந்தாள். நான் கேட்டைத் திறக்கவில்லை.

"அண்ணே, இனிமே நீங்க வர வேணாம். நானே பாத்துக்கிறேன். தாமான்ல நாலு பேரு நாலு விதமாப் பேசறாங்க."

தாமானில் ஒரு நாயும் பேசவில்லை. என் வாயில் வந்தது, சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு அவர் வழக்கமாகச் சொல்வதைச் சொல்வார் என்று காத்திருந்தேன். இன்னொரு தடவை சொல்லுங்க என்று கேட்டிருந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், என்னால் இரண்டாவது தடவை சொல்லியிருக்க முடியாது.

அவர் கேட்கவில்லை. "சரிங்க தம்பி" என்றார். கேட் கம்பிக்கு மேலாகப் பொட்டலத்தை நீட்டினார். "இத தங்கச்சிகிட்ட குடுத்துருங்க." திரும்பி நடந்து போனார். எனக்குத் தெரிந்து, அவர் ஒரே தடவை கேட்டு ஏற்றுக்கொண்டது அது ஒன்றைத்தான்.

பொட்டலத்தை நான் அவளிடம் கொடுக்கவில்லை. அங்கேயே நின்று முழுவதையும் நானே தின்று முடித்தேன்.

வசந்தி இரண்டு நாள் காத்திருந்தாள், பிறகு அவருக்குப் போன் போட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். "வேல ஜாஸ்தி தங்கச்சி, பெக்கோக் பக்கமே இருக்க வேண்டியிருக்கு. நீங்க நல்லாப் பாடுவீங்க" என்றாராம். ஒரு வார்த்தை என்னைப் பற்றி இல்லை. போனை வைத்துவிட்டு அவள் என்னைக் கேட்டாள்: "நா ஏதாச்சும் தப்பாப் பேசிட்டனாங்க?"

"எனக்கென்ன தெரியும்?" என்றேன்.

போட்டியில் அவள் பெயர் மூன்று இடத்திலும் வரவில்லை. திரும்பி வரும் வழியில் காரில், அவசரப்பட்டுவிட்டேன் என்று மட்டும் ஒருமுறை சொன்னாள். அதன் பிறகு கல்யாண வீடுகளில் யாராவது கட்டாயப்படுத்தினால் ஒரு பாட்டு. வீட்டில் பாடுவதை விட்டுவிட்டாள். மாடியில் பெட்டிமேல் தூசி படிந்தது. கொஞ்ச நாளில் அவர் உண்மையாகவே வீட்டைக் காலி செய்துகொண்டு பெக்கோக் பக்கம் போய்விட்டார். நான் ஜெயித்துவிட்டேன். ஜெயித்தவன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து எங்கள் டேட்டா செண்டரில் இரைச்சல் பகுதியில் வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் காதுப் பரிசோதனை என்று அறிவித்தார்கள். கார் நிறுத்துமிடத்தில் வெள்ளை வேன் நின்றது. என் முறை வந்து உள்ளே ஏறினேன். அவர்தான். முடி முழுக்க வெளுத்திருந்தது.

"வாங்க தம்பி" என்றார், நேற்றுப் பார்த்தவர் மாதிரி. "உள்ள உக்காருங்க. கேட்டா அமுக்குங்க."

கதவை மூடினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் நாற்காலியைத் திருப்பி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. கண்ணை மூடினேன். முதலில் சில சத்தங்கள் வந்தன, அமுக்கினேன். பிறகு எதுவும் வரவில்லை. வெகுநேரம் வரவில்லை. பரிசோதனை முடிந்துவிட்டது போல என்று கண்ணைத் திறந்தேன். அவர் தோள் அசைந்துகொண்டிருந்தது. அவர் அனுப்பிக்கொண்டேதான் இருந்தார். பட்டன் என் கையில் இருந்தது. தோளைப் பார்த்து அமுக்கியிருக்கலாம், கை துடித்தது. அமுக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த யோக்கியமான காரியங்களில் அது ஒன்று.

வெளியே வந்ததும் ஒரு தாளைக் காட்டினார். அதில் ஒரு கோடு நேராகப் போய், பாதிக்குப் பிறகு மளமளவென்று கீழே இறங்கியது. "கனத்த சத்தம் கேக்குது. சன்னமான சத்தம் போயிருச்சு. ரொம்ப வருசமா இப்படித்தான் இருந்திருக்கும்."

"அன்னிக்கே தெரியுமாண்ணே உங்களுக்கு?"

"முதல் ரெண்டு தாள்ல உங்க நம்பரெல்லாம் எங்களவிட ஒரு செகண்டு லேட்டு. மூணாவது தாளப் பாத்ததும் சந்தேகமே இல்ல."

"அவகிட்ட ஏன் சொல்லல? வாயத் தொறந்து ஒரு வார்த்த..."

"மில்லுல தெனம் பாக்கறேன் தம்பி. கேக்கலன்னு சொல்றதுக்கு அவ்வளவு பயப்படுவாங்க. ஒரு ஆம்பளய அவன் சம்சாரம் முன்னாடி ஒக்கார வெச்சு, இவருக்குக் காது கேக்கலன்னு எப்படிச் சொல்றது? அந்தத் தாள வீட்டுக்குப் போற வழியிலயே கிழிச்சுப் போட்டுட்டேன்." பிறகு மெதுவாக, "தனியாப் பாத்து சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீங்க கேட்டைச் சாத்திட்டீங்க" என்றார்.

அன்று மாலையே வசந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தாள், பென்சில், கேட், கச்சாங் பூத்தே வரைக்கும். காது போனதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அப்ப நீங்கதான் அவர வர வேணாம்னு சொன்னீங்களா?" என்றாள். "ரெண்டு வருசமா நா என்னா தப்புப் பண்ணேன்னு யோசிச்சு யோசிச்சுச் செத்துக்கிட்டு இருந்தேன். பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தீங்களே!" அவ்வளவுதான். ஒரு வாரம் சாப்பாடு மேசையில் இருக்கும், அவள் இருக்க மாட்டாள்.

கம்பெனியில் காதில் மாட்டும் கருவி வாங்கிக்கொடுத்தார்கள். மாட்டியதும் உலகமே கரகரவென்றிருந்தது. பிளாஸ்டிக் பை, செருப்பு, செய்தித்தாள், எல்லாம் சண்டைக்கு வந்தன.

ஒரு வெள்ளிக்கிழமை. விளக்கேற்றிய பிறகு வசந்தி மாடிக்குப் போனாள், பெட்டியைத் துடைத்தாள், கீழே வந்து பாட்டை ஓடவிட்டாள். எனக்காக அல்ல, அவளுக்கே தோன்றியிருக்கும். நான் எழுந்து காற்றாடியை நிறுத்தினேன். "வேர்க்குது" என்றாள். "இருக்கட்டும்" என்றேன்.

முன்னிசை முடிந்தது. அவள் பாடத் தொடங்குவதற்கு முன் மெலிதாக, மேலே போகிற ஒரு கீச்சுச் சத்தம் கேட்டது. ஸ்பீக்கரில் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன், தொழில் புத்தி. அடுத்த வரிக்கு முன்னால் மறுபடியும் அதே சத்தம், அதே இடத்தில். ஸ்பீக்கர் இல்லை. அவள் மூச்சு. இழுப்பு விட்டுவிட்டுப் போன சத்தம்.

இருபத்திநான்கு வருடம் கழித்து என் மனைவியின் மூச்சை முதல் தடவையாகக் கேட்கிறேன். அழுகை வந்தது. அதோடு சேர்ந்து வயிறும் எரிந்தது, பொய் சொல்ல மாட்டேன். எனக்கு முன்னால் அவர் கேட்டுவிட்டாரே. என் ஹாலில் உட்கார்ந்து, நான் பக்கத்தில் இருக்கும்போதே கேட்டுவிட்டாரே. இனி நான் எத்தனை தடவை கேட்டாலும் இரண்டாவது ஆள்தான்.

பாட்டு முடிந்ததும் அவருக்கு மெசேஜ் போட்டேன். 'மூச்சு கேட்டுச்சு அண்ணே. அன்னிக்கு கேட்ல சொன்னதுக்கு மன்னிச்சிருங்க.'

ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. 'இன்னொரு தடவ கேட்டீங்களா தம்பி?'

"யாரு?" என்றாள் வசந்தி. போனை அவளிடமே கொடுத்தேன். அவள் இரண்டையும் படித்தாள். பிறகு போனை மேசைமேல் வைத்துவிட்டுப் போய், பாட்டை முதலில் இருந்து ஓடவிட்டாள்.